மேகமலை வௌவாலும் உளுத்த கட்டையின் சளிப்பூஞ்சையும்

1948-ஆம் ஆண்டு. இன்றைய தேனி மாவட்டம் அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. சின்னமனூருக்கு மேலே உள்ள மேகமலையை வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் ஹைவேவிஸ் என்று அழைத்தார்கள். இன்றும் அங்கே உள்ள பேரூராட்சிக்கு அதுதான் பெயர். அந்த மலையில் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருந்த ஒரு காபித் தோட்டத்தில், ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட நிர்வாகி ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். காட்டுயிர்களை ஆர்வத்தோடு கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர் அவர். வௌவால் பாடம் செய்யப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் எழுதப்பட்ட பெயரோ, நம் வீட்டுக் கொய்யா மரத்துக்கு இரவில் வந்துபோகும் குறுமூக்குப் பழ வௌவாலின் பெயர்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அந்தப் பெயரிலேயே இழுப்பறைக்குள் கிடந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா என்ற விலங்கியலாளர் அதை எடுத்து மறுபடி ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குறுமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. முன்பற்களின் எண்ணிக்கை வேறு. மண்டையோட்டின் அமைப்பும் வேறு. அது ஒரு புதிய இனம் மட்டுமல்ல, தனியொரு பேரினமே என்று கண்டு, 1972-ல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். சலீம் அலி பழந்தின்னி வௌவால் இப்படித்தான் அறிவியல் உலகத்துக்குள் வந்தது. கிட்டி 1974-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தாய்லாந்துக் குகைகளில் அவர் கண்டெடுத்த, சுமார் 2 கிராம் எடையே உள்ள உலகின் மிகச் சிறிய வௌவால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புதிய இனம் என்று அறிவித்தபோது உலகத்தில் அதற்கு இருந்த ஆதாரம் அந்த ஓர் உடல்தான். அடுத்த வௌவால் கையில் கிடைக்க 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்களும் பம்பாய்க் கழகத்தின் மனோஜ் முனியும் சேர்ந்து தேடி, அதே மலையில் அதை மீண்டும் கண்டார்கள். 45 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத ஒரு பாலூட்டி. இத்தனைக்கும் அது ஆளரவமற்ற பனிமலையில் வாழ்ந்த விலங்கு அல்ல, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மேலே இரவெல்லாம் பறந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. ஓர் உயிரை அரியது என்றும் இன்னொன்றைச் சாதாரணமானது என்றும் எதை வைத்துச் சொல்கிறோம்? வௌவாலை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் எளிதாகத் தெரியும்: எண்ணிக்கை குறைவு, இடம் குறைவு, ஆகவே அரியது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க, அதே போன்ற ஈரக்காட்டின் தரையில் வாழும் முற்றிலும் வேறொரு உயிரை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது சளிப்பூஞ்சை. ஒன்றுக்கு நாட்டின் மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மற்றதை மிதித்துக்கொண்டு நடந்துபோகிறோம்.

முதலில் வௌவால். உடல் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். முன்னங்கை எலும்பு 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலை கருப்பு கலந்த பழுப்பு, சிறகுச் சவ்வு வெளிறிய பழுப்பு. பூச்சி தின்னும் வௌவால்களைப் போல ஒலி எழுப்பி எதிரொலி கேட்டுப் பறக்கும் திறன் இதன் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. கண்ணையும் மூக்கையும் நம்பியே இரவில் இரை தேடுகின்றன. அத்தி இனப் பழங்களும் உருத்திராட்ச இன மரங்களின் பழங்களும் இதன் உணவு. பகலில் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் சிறு கூட்டமாகத் தங்குகிறது.

பழந்தின்னி வௌவால் சாப்பிடுவதைக் கிட்டத்தில் பார்த்தால் அதற்கும் காட்டுக்கும் உள்ள உறவு விளங்கும். பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்பது குறைவு. வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்துபோய், தலைகீழாகத் தொங்கியபடி கடித்து, சதையை நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை மட்டும் விழுங்கும். நார்ச் சக்கையைத் தட்டையான உருண்டையாக்கித் துப்பிவிடும். பெரிய கொட்டை அப்படியே கீழே விழும். அத்தியின் கடுகளவு விதைகள் சாற்றோடு உள்ளே போய், சற்று நேரத்திலேயே எச்சத்தோடு வெளியே வரும். அதற்குள் வௌவால் வேறு மலைச்சரிவுக்குப் போயிருக்கும். காலையில் அந்த மரத்தடிக்குப் போனால் பல்லின் அச்சு பதிந்த சக்கைகள் இலைகளின் மேல் காய்ந்துகொண்டிருக்கும். தேடி வந்தவருக்கு வௌவாலைவிட முதலில் கண்ணில் படுவது அந்தச் சக்கைதான்.

1993-க்குப் பிறகு ஆய்வாளர்கள் தேடத் தேட, பெரியாறு, களக்காடு முண்டந்துறை, அகத்தியமலைப் பகுதிகளிலும் இந்த வௌவால் தெரியவந்தது. களக்காடு முண்டந்துறையில் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் ஜூலியட் வனிதாராணியும் அவருடைய மாணவிகளும் செய்த ஆய்வுகள் இதன் வாழ்க்கை முறையைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைத் தந்தன. ஒரு மாவட்டக் கல்லூரியின் விலங்கியல் துறையிலிருந்து இந்த வேலை நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிய இடங்கள் தெரியத் தெரிய, சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'மிகக் கடுமையான அபாயம்' என்றிருந்த நிலை 'அபாயம்' என்று மாறியது. அதற்கு வௌவால்கள் பெருகியது காரணமல்ல. ஆட்கள் போய்த் தேடியதுதான் காரணம்.

இருந்தாலும் இதன் நிலைமை பலவீனமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் இல்லை. பழந்தின்னி வௌவால்கள் பொதுவாக ஒரு சூலில் ஒரே குட்டிதான் போடும். ஒரு பெண் வௌவால் இறந்தால் அந்த இடத்தை நிரப்பக் காலம் எடுக்கும். எலி அளவே உள்ள உடம்பில் எலியின் வேகமான இனப்பெருக்கம் கிடையாது. அதற்கு ஈடாக வௌவால்களுக்கு நீண்ட ஆயுள் உண்டு. சைபீரியாவில் சுமார் 7 கிராம் எடையுள்ள ஒரு சிறு வௌவால் 41 ஆண்டுகள் உயிரோடிருந்தது பதிவாகியிருக்கிறது. மெதுவாகப் பெற்று நெடுநாள் வாழும் உயிருக்கு, ஒரே இரவில் குகை வாயில் வலையைக் கட்டிக் கூட்டத்தோடு பிடித்துவிடும் வேட்டை பெரும் கேடு. ஆஸ்துமாவுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் வௌவால் கறி தின்னும் வழக்கம் தென் மாவட்டங்களில் இன்னும் மறையவில்லை. அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

சட்டத்தின் பார்வையும் நெடுங்காலம் விசித்திரமாக இருந்தது. 1972-ன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் பொதுவாக எலி, காக்கையோடு ஐந்தாம் பட்டியலில், தொல்லை தரும் விலங்குகளாக வைக்கப்பட்டிருந்தன. அதாவது யாரும் கொல்லலாம். அந்தக் கூட்டத்திலிருந்து சலீம் அலி வௌவாலை மட்டும் பிரித்தெடுத்து முதல் பட்டியலில், புலி யானையோடு சேர்த்தார்கள். ஆனால் இருட்டில் வலை கட்டுபவருக்கு ஒரு பழந்தின்னிக்கும் இன்னொரு பழந்தின்னிக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? பம்பாய்க் கழகத்துக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியவில்லையே. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோது தொல்லை விலங்குகளின் பட்டியலே நீக்கப்பட்டது. அது தாமதமாக வந்த நல்ல திருத்தம்.

இனி தரைக்கு வருவோம். மழை நின்ற இரண்டாம் மூன்றாம் நாள், சோலைக்குள் விழுந்து உளுத்துப்போன கட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், மஞ்சள் கூழைக் கொட்டி விரல்களால் இழுத்துவிட்டதுபோல் விசிறியாக ஒன்று பரவியிருக்கும். நுனியில் அகன்ற படலம். பின்னால் நரம்பு நரம்பாகக் கிளைகள். மறுநாள் அது வேறு இடத்தில் இருக்கும். இது சளிப்பூஞ்சையின் உண்ணும் பருவம். பிளாஸ்மோடியம் என்று தாவரவியல் பாடத்தில் படித்திருப்போம். பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது பூஞ்சை இல்லை, அமீபாக்களின் உறவு. ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பேரி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதன் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்துவிட்டு, விலங்குகளோடு வைப்பதா பூஞ்சைகளோடு வைப்பதா என்ற விவாதத்தைத் தொடங்கிவைத்தார்.

ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படுவது பைசாரம் பாலிசெஃபாலம் என்ற இனம். ஒரு சதுர மீட்டருக்கு மேல்கூடப் பரவக்கூடிய அந்தப் படலம் முழுவதும் ஒரே செல். அதற்குள் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் உட்கருக்கள். அத்தனை உட்கருக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரிகின்றன. செல் பிரிதலைப் படிக்க விரும்பிய ஆய்வாளர்கள் இதைக் கொண்டாடியதற்கு அதுதான் காரணம். நுண்ணோக்கியில் ஒரு நரம்பைப் பார்த்தால் உள்ளே மஞ்சள் துகள்கள் ஒரு திசையில் பாய்ந்து ஓடும், வேகம் குறையும், நிற்கும், பிறகு எதிர்த் திசையில் பாயும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இந்தத் திசை மாற்றம் நடக்கும். பாயும் வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வரை போகும். இதயம் இல்லை, குழாயின் சுவரே சுருங்கி விரிந்து தள்ளுகிறது.

மூளையில்லாத இந்த உயிர் செய்யும் வேலைகள் கடந்த கால் நூற்றாண்டில் பெரும் வியப்பை உண்டாக்கின. 2000-ல் ஜப்பானின் தோஷியுகி நககாகியும் குழுவினரும் சிறு புதிர்ப்பாதையின் இரு முனைகளில் உணவை வைத்தபோது, முட்டுச் சந்துகளில் இருந்த கிளைகளைச் சுருக்கிக்கொண்டு மிகக் குறுகிய வழியில் மட்டும் குழாயை நிலைநிறுத்தியது. 2010-ல் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் அமைப்பில் ஓட்ஸ் துணுக்குகளை வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சற்று மேல், பைசாரம் போட்ட வலை அந்தப் பகுதியின் ரயில் பாதை வலையோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. தான் போன இடங்களில் சளித்தடம் விட்டு, அதே இடத்துக்குத் திரும்பாமல் இருக்க அதையே அடையாளமாகப் பயன்படுத்துகிறது என்று 2012-ல் காட்டினார்கள். பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஒட்ரே துசுதூரின் குழு, கசப்பான கொய்னாவையும் கஃபீனையும் முதலில் தவிர்த்த பைசாரம் தீங்கில்லை என்றானதும் பழகிக்கொள்வதையும், பழகியது பழகாததோடு ஒன்றாகக் கலந்தால் அந்தப் பழக்கம் மற்றதற்கும் போய்விடுவதையும் 2016-ல் வெளியிட்டது.

இதை 'அறிவு' என்று அழைக்கலாமா என்று பெரிய விவாதமே உண்டு. என் கருத்தில் அந்த விவாதம் நம் கவனத்தைக் காட்டிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. ஓர் இனத்தை அகார்த் தட்டில் வளர்த்து எழுதப்பட்ட கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. உலகில் அறியப்பட்ட சுமார் 1,000 சளிப்பூஞ்சை இனங்களில் மற்றவை மலைகளில் எங்கே, எவ்வளவு, எந்த மரத்தில் இருக்கின்றன என்ற பதிவுகள் அதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

உணவு தீர்ந்தால் சளிப்பூஞ்சைக்கு இரண்டு வழி. ஈரம் போய்விட்டால் உலர்ந்து கட்டியான மேலோடாகச் சுருங்கி, மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் மீண்டும் ஊர்ந்து கிளம்பும். அல்லது வெளிச்சமுள்ள இடத்துக்கு ஏறி, ஓர் இரவுக்குள் தன் உடம்பு முழுவதையும் வித்துப் பைகளாக மாற்றிவிடும். அவை அழகானவை. ஸ்டெமோனிட்டிஸ் என்பது கருப்புக் காம்புகளின் மேல் பழுப்புக் குழல்கள் நெருக்கமாக நிற்பது. லைகோகாலா என்பது கட்டையில் ஒட்டிய இளஞ்சிவப்பு உருண்டைகள். புதிதாக இருக்கும்போது குத்தினால் பற்பசை பதத்தில் சிவப்புக் குழம்பு வரும், முதிர்ந்த பின் சாம்பல் நிறத் தூள் பறக்கும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு நுண்வித்து. அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. காற்று அதை மலை தாண்டியும் கடல் தாண்டியும் கொண்டுபோகும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிவப்புப் பட்டியலில் ஓர் இனம் 'அபாயம்' நிலைக்கு வரச் சில அளவுகோல்கள் உண்டு: குறைந்துகொண்டே வரும் இனமானால் முதிர்ந்த உயிர்கள் 2,500-க்குக் கீழ் இருப்பது, பரவியிருக்கும் எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் இருப்பது, பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் எவ்வளவு குறைந்தது என்பது. வௌவாலுக்கு இவை பொருந்துகின்றன. மாலையில் குகை வாயிலில் உட்கார்ந்து வெளியேறுபவற்றை எண்ணலாம். ஒன்று என்றால் ஒன்று.

சளிப்பூஞ்சையை எப்படி எண்ணுவது? ஒரு பிளாஸ்மோடியத்தைக் கத்தியால் நான்காக வெட்டினால் நான்கும் தனித்தனியாக ஊர்ந்து போகும். ஒத்த மரபுள்ள இரண்டைப் பக்கத்தில் வைத்தால் சேர்ந்து ஒன்றாகிவிடும். காலையில் ஐந்தாக இருந்தது மாலையில் இரண்டாக இருக்கலாம், எதுவும் சாகாமலே. தலைமுறை என்பதும் வழுக்குகிறது: உலர்ந்து கிடந்த காலத்தை வயதில் சேர்ப்பதா? நாம் கண்ணால் பார்ப்பது வித்துப் பைகளை மட்டும்தான். பிளாஸ்மோடியத்தை வைத்து இனம் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் முடியாது. ஆகவே இந்த ஆயிரம் இனங்களில் மிகப் பெரும்பாலானவை சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிடப்படவே இல்லை. மதிப்பிடப்படாதது என்றால் அபாயமில்லை என்று பொருளல்ல. நடைமுறையில் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அரிய தன்மையைப் பற்றிச் சிந்தித்தவர்களில் டெபோரா ராபினோவிட்ஸ் 1981-ல் முன்வைத்த வகைப்பாடு இங்கே உதவும். பரவல் பரந்ததா குறுகியதா, வாழிடம் பலதரப்பட்டதா குறிப்பிட்டதா, இருக்கும் இடத்தில் எண்ணிக்கை மிகுதியா குறைவா என்று மூன்று கேள்விகள். எட்டுச் சேர்க்கைகளில் ஒன்றுதான் முழுக்கச் சாதாரணம். மீதி ஏழும் ஏழு விதமான அரிய தன்மை. நம் வௌவால் மூன்று கேள்விகளிலும் குறுகிய பக்கத்தில் விழுகிறது. சளிப்பூஞ்சைகள் பலவும் உலகளாவியவை என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பட்டை, உதிர்ந்த இலை, சாணம், குறிப்பிட்ட அளவு மக்கிய கட்டை என்று தனக்கான இடத்தில் மட்டும் இருக்கிறது. பரவல் பரந்தது, வாழிடம் குறுகியது. அதுவும் ஏழில் ஒரு வகைதான்.

அந்த 'உலகளாவியது' என்ற முடிவையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நுண்ணுயிர்கள் எல்லா இடத்திலும் உள்ளன, சூழல்தான் எது வளரும் என்று தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தை டச்சு விஞ்ஞானி பாஸ் பெக்கிங் 1934-ல் முன்வைத்தார். காற்றில் பறக்கும் நுண்வித்துக்கு எல்லை ஏது என்ற தர்க்கம் அதற்குத் துணையாக நின்றது. கடந்த இருபது ஆண்டுகளில் மரபணு ஆய்வுகள் வந்த பிறகு இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. ஹெமிட்ரிக்கியா செர்புலா என்ற இனம் தங்க நிறத்தில் வளைந்து பின்னிய வலையாகத் தெரிவது; உலகமெங்கும் வெப்பக் காடுகளிலிருந்து பதிவானது. 2017-ல் வெளியான ஆய்வில், பல கண்டங்களிலிருந்து சேகரித்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது, ஒரே பெயரில் இருந்தது தம்முள் கலக்காத பல குழுக்களாகப் பிரிந்து நிற்பது தெரிந்தது. எல்லா இடத்திலும் உள்ள ஓர் இனம் என்று எண்ணியது, இடத்துக்கு இடம் வேறான, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் பல இனங்களாக இருக்கலாம்.

பம்பாய் இழுப்பறையில் நடந்ததும் இதுவே. குறுமூக்கு வௌவால் என்ற சாதாரணப் பெயரின் கீழ் உலகின் மிக அரிய பழந்தின்னிகளில் ஒன்று கிடந்தது. சாதாரணம் என்பது பல நேரம் ஆராய்வதற்கு முன்பே வழங்கப்பட்ட தீர்ப்பு. வௌவாலுக்கு மேல்முறையீடு செய்ய ஒரு கிட்டி தோங்லோங்யா வந்தார். நம் மலைகளின் சளிப்பூஞ்சைகளுக்கு அப்படி உட்கார்ந்து ஆராய்பவர்கள் குறைவு. கே. எஸ். திண்ட் 1977-ல் இந்தியச் சளிப்பூஞ்சைகளைப் பற்றி நூல் எழுதினார். அதற்குப் பிறகு லக்கன்பாலும் முகர்ஜியும் 1981-ல் எழுதினார்கள். இத்தனை பெரிய நாட்டுக்கு அது போதாது.

இரண்டுக்கும் உண்மையில் எது தேவை என்று கேட்டால், ஒப்பீடு காகிதத்திலிருந்து காட்டுக்கு இறங்குகிறது. வௌவாலுக்கு இருளான, யாரும் தீப்பந்தம் கொண்டு நுழையாத குகை வேண்டும். ஆண்டு முழுவதும் மாறி மாறிப் பழுக்கும் அத்திகளும் மற்ற மரங்களும் வேண்டும். சளிப்பூஞ்சைக்கு ஈரமும் நிழலும், பல வயதில் மக்கிக்கொண்டிருக்கும் விழுந்த மரங்களும் வேண்டும். அதன் பிளாஸ்மோடியம் பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் தின்று, அவற்றில் அடைந்திருந்த சத்தை மண்ணுக்குத் திருப்புகிறது. அதன் வித்துகளைத் தின்றே வாழும் வண்டுக் குடும்பங்கள் உண்டு. மேலே வௌவால் விதை போட, கீழே அந்த விதை முளைக்கும் மண்ணைச் சளிப்பூஞ்சை உட்பட ஆயிரம் உயிர்கள் ஆக்குகின்றன.

மேகமலை தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் காபிக்கும் திருத்தப்பட்ட மலை. எஞ்சிய காடு 2009-ல் சரணாலயமானது; 2021-ல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகையின் நீர்ப்பிடிப்புக்கு இது பெரிய நன்மை. ஆனால் புலியை மையமாக வைத்த காவல், பெரிய பரப்பைப் பார்க்கிறது. ஒரு குகை வாயும் ஒரு விழுந்த மரமும் அந்தப் பார்வையில் சிறு புள்ளிகள். காப்பக எல்லைக்கு வெளியே, எஸ்டேட்டுகளின் ஓடைக்கரைகளில் நிற்கும் காட்டு அத்திகளை நிழல் அதிகம் என்று வெட்டினால் அதற்கு எந்தப் பட்டியலும் குறுக்கே நிற்காது. விறகுக்கும் 'சுத்தம்' செய்வதற்கும் பட்ட மரங்களை அகற்றுவதை யாரும் காட்டழிப்பு என்று எண்ணுவதில்லை.

சளிப்பூஞ்சைக்காக ஒருவர் காட்டைக் காக்க எழுந்ததே இல்லையா என்றால், இருந்திருக்கிறார். ஜப்பானின் மினகதா குமகுசு. 1867-ல் பிறந்து, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்டுக்கணக்கில் படித்து, 1900-ல் நாடு திரும்பி, வகயாமா பகுதியின் நாச்சிக் காடுகளில் சளிப்பூஞ்சை சேகரித்தவர். பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ கிடையாது. 1906-ல் ஜப்பான் அரசு சிறு கோயில்களை ஒன்றோடொன்று இணைக்க ஆணையிட்டது. கோயில் போனால் அதைச் சுற்றியிருந்த காடும் போகும். நூற்றாண்டுகளாக வெட்டப்படாத மரங்கள் விற்பனைக்கு வந்தன. தாம் சேகரித்த உயிர்கள் இருந்த கட்டைகள் கண்ணெதிரே காணாமல் போனதைக் கண்ட குமகுசு, பத்திரிகைகளில் எழுதினார், அதிகாரிகளுக்கு எழுதினார், நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகிதா குனியோவுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். 1910-ல் ஒரு கூட்டத்துக்குள் புகுந்து கலகம் செய்ததாகக் கைதாகி 18 நாள் காவலில் இருந்தார். அங்கேயும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்தார்.

அவருடைய வாதம் இன்றைக்கும் பழசாகவில்லை. கோயில்காடு போனால் மரம் மட்டும் போகாது, பூச்சி உண்ணும் பறவை போகும், நீர் போகும், மக்களின் கூடுமிடம் போகும் என்று ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதினார். 1920-ல் அந்த இணைப்புக் கொள்கை கைவிடப்பட்டது. அதற்குள் இழந்தது ஏராளம். அவர் தோட்டத்துச் சீமைப்பனிச்சை மரத்தில் கிடைத்த ஒரு சளிப்பூஞ்சையைப் புதிய பேரினமாக அறிவித்து, ஆங்கிலேய ஆய்வாளர் குலியெல்மா லிஸ்டர் 1921-ல் மினகதெல்லா என்று பெயரிட்டார். 1929-ல், தாமே சளிப்பூஞ்சை ஆய்வில் ஈடுபாடு கொண்ட பேரரசர் ஹிரோஹிதோ தனபே வளைகுடாவுக்கு வந்தபோது, குமகுசு 110 சளிப்பூஞ்சை மாதிரிகளை மிட்டாய் அட்டைப்பெட்டிகளில் வைத்து அளித்தார். அந்த வளைகுடாவில் அவர் காக்கப் போராடிய காஷிமா தீவு 1935-ல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நம்மிடமும் கோயில்காடுகள் உண்டு. பலவற்றில் விழுந்த சுள்ளியைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அய்யனாருக்கும் கருப்பனுக்கும் அஞ்சி மக்கள் விட்டுவைத்த அந்தக் கட்டைகள்தான் சளிப்பூஞ்சைகளின் இருப்பிடம். சில ஊர்களில் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இனத்தின் பெயர் தெரியாமலே இடத்தைக் காத்த மரபு இது. நிபா வைரசின் அச்சத்தில் வௌவால் மரங்களை வெட்டச் சொல்லும் குரல்கள் எழும்போது, இந்த மரபை நினைவுபடுத்த வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. தொந்தரவு செய்யாமல் விலகியிருப்பதும், வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. தங்குமிடத்தைக் கலைத்தால் அவை சிதறி மனிதர்களுக்கு இன்னும் அருகில் வரும்.

சிவப்புப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சலீம் அலி வௌவால் முதல் பட்டியலில் இருப்பதால்தான் அதன் பெயரைச் சொல்லி ஒரு குகையைக் காக்கக் கேட்க முடிகிறது. எண்ண முடிந்த உயிரின் பெயரில் எண்ண முடியாத உயிர்களுக்கும் சேர்த்து இடம் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். மேகமலையிலும் களக்காட்டிலும் வௌவால் தங்கும் குகைகளை வனத்துறை தனித்தனியாகக் குறித்து, குட்டி போடும் பருவத்தில் ஆள் நடமாட்டத்தைத் தடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் ஓடைக்கரை அத்திகளை வெட்டாமல் விடுவதற்கும், சோலைத் துண்டுகளில் விழுந்த மரத்தை விழுந்த இடத்திலேயே விடுவதற்கும் பெரிய செலவு ஆகாது.

கல்லூரித் தாவரவியல், விலங்கியல் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சளிப்பூஞ்சை ஆய்வைத் தொடங்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். அமெரிக்காவின் கில்பர்ட்டும் மார்ட்டினும் 1933-ல் விவரித்த முறையே போதும்: உயிருள்ள மரத்தின் காய்ந்த வெளிப்பட்டையைச் சிறிது எடுத்து, பெட்ரி தட்டில் வடிதாள் போட்டு அதன்மேல் பரப்பி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை அடிக்கடி உருப்பெருக்கியில் பார்த்துவந்தால், வெறும் கண்ணுக்குத் தெரியாத காம்புகளில் வித்துப் பைகள் எழுந்து நிற்கும். எந்த மரம், எந்த ஊர், எத்தனை மீட்டர் உயரம், எந்தத் தேதி என்று எழுதி, உலர்ந்த மாதிரியைத் தீப்பெட்டியில் ஒட்டிப் பாதுகாத்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தவறாக எழுதிவிட்டாலும் பரவாயில்லை. மாதிரி இருந்தால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.